ஏழு எலும்புக்கூடு ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் "ஓம் எண்டு சொல்லு, யோசிக்காதை" என்று உன்னிடம் கத்தியவன் ஓர் அவசரக்காரன். இதை எழுதுகிறவன் அவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. தேநீர் குடித்துவிட்டு ஆறுதலாக உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் முகமும் தொந்தியும் ஒன்றுதான் என்றாலும் நீ இவனை நம்பலாம். வருகிற திங்கட்கிழமை நீ வேலை செய்கிற கொழும்புக் கந்தோரில் உன் அம்மாவை என்ன செய்வது என்று முடிவெடுக்கப் போகிறார்கள். அதற்கு முன் அந்த அவசரக்காரன் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்று கோபிப்பாய். தனியாக எழுதினால் நீ முதல் இரண்டு வரியை வாசித்துவிட்டு "சரி அப்பா" என்று பதில் அனுப்புவாய். ஊர் வாசித்தால் யாராவது உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அந்த வெட்கத்துக்காவது முழுவதையும் வாசிப்பாய். அதோடு, அவள் இறந்து இரண்டு வருசமாகியும் உப்புவெளியிலிருந்து கப்பல்துறை வரை உன் அம்மாவைத் தெரியாத வீடு கிடையாது. பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவ மாதாக அவள் தூக்கி நிறுத்துப் பார்க்காத குழந்தை இந்தப் பக்கத்தில் குறைவு. அந்தக் குழந்தைகள் எல்லாம் இப்போது மீசை வைத்துக்கொண்டு என் கொமினிக்கேசன் கடைக்குப் போனுக்குக் காசு ரீலோட் போட வருகிறார்கள். அவளைப் பற்றிய முடிவில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று பதில் வைத்திருக்கிறேன். படித்தவர்களிடம் "சொஃப்ட்வெயர்" என்பேன். சம்பந்தம் பேச வருபவர்களிடம் "பெரிய கொம்பனியிலை டிசைனர்" என்பேன். ஓட்டோ நசீரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்: "பேய் பிசாசு வரையிறான்." அதுதானே வேலை? கணினி விளையாட்டுக்கு ஒரு கற்பனை உலகம் செய்திருக்கிறீர்கள். விளையாட உட்காருகிறவர் தான் எந்த இனத்து ஆள் என்று முதலில் தெரிவுசெய்ய வேண்டும். பிறகு ஆணா பெண்ணா என்று. ஏழு இனங்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி நீ அனுப்பினாய். வேலைவெட்டி இல்லாத தகப்பன், பார்த்தேன்.

மாட்டுத்தலையர் என்று ஓர் இனம். அதில் ஆணைப் பார்த்தால் முழு எருது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கி அளவுக்குக் கழுத்து, மூக்கால் புகை. பெண்ணைப் பார்த்தால் ஷாம்பூ விளம்பரத்தில் வருகிற பிள்ளை, தலையில் கிளிப் குத்தியது போல இரண்டு சின்னக் கொம்பு. பல்லியர் என்று இன்னோர் இனம். ஆணுக்கு நீட்டு வாய், பிளந்த நாக்கு, வால். பெண்ணுக்குப் பச்சைப் பவுடர் மட்டும். பல்லியர் முட்டையிடுகிற இனம் என்று நீயே சொன்னாய். அப்படியென்றால் அந்தப் பெண்ணின் மார்புக் கவசத்துக்கு ஏன் அத்தனை வளைவு என்று நான் அறிவுபூர்வமாகத்தான் கேட்டேன். "அப்பா, நான் போனை வைக்கிறன்" என்றாய். அந்த உலகத்தில் கலியாணம் பேசுகிற தரகனை நினைத்துப் பார்த்தேன். "மாப்பிள்ளை ஒன்பதடி உயரம், வால் இருக்கு, கோபம் வந்தால் நெருப்பு விடுவார், மற்றும்படி தங்கமான பிள்ளை. பொம்பிளை வீட்டாருக்கு வால் வழக்கமில்லை." சண்டைக்குப் போகிறபோதும் ஆணுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை இரும்பு, பெண்ணுக்கு வயிறு திறந்து கிடக்கிறது. ஈட்டி எறிகிறவன் மரியாதை பார்த்து மேலே எறிவான் என்ற நம்பிக்கை போல.

சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். பிறகு ஓரிடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆண்களில் நரைத்தவன் இருக்கிறான், ஒற்றைக்கண்ணன் இருக்கிறான், கூனன் இருக்கிறான், காலில்லாமல் மரக்கால் வைத்தவன்கூட இருக்கிறான். எவனை வேண்டுமானாலும் நீ தெரிவுசெய்து அவனாகப் போகலாம். பெண்கள் எல்லோரும் இருபத்தைந்து வயதோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எங்கே போகிறார்கள்? நம்மூரில் ஆட்கள் இல்லாமல் போனதற்கு வேறு காரணங்கள் இருந்தன. அதை இங்கே இழுக்கவில்லை. ஆனாலும் மலையும் கோட்டையும் சந்தையும் உள்ள ஓர் உலகத்தில் நடுவயதுப் பெண் ஒருத்திகூட நடமாடவில்லை என்றால், அங்கே ஏதோ நடந்து முடிந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அதன் வெறும் தெருக்களில் என் ஆளை நடத்திக்கொண்டு போகவே கொஞ்சம் பயமாக இருந்தது.

நான் கேட்டபோது நீ எலும்புக்கூட்டுக் கதையைச் சொன்னாய். கணினிக்குள் ஒவ்வோர் உருவத்துக்கும் உள்ளே ஓர் எலும்புக்கூடு உண்டாம். அதை அசைத்தால்தான் மேலே இருக்கிற தோலும் உடுப்பும் அசையுமாம். "ஆம்பிளையளுக்கு ஏழு இனத்துக்கும் ஏழு எலும்புக்கூடு செய்யிறம் அப்பா. பொம்பிளையளுக்கு ஒண்டுதான். அதுக்கு மேலை கொம்பை மாத்துவம், நிறத்தை மாத்துவம். வேலை மிச்சம்." அன்றைக்குப் பின்னேரம் ஏழு பெண்களையும் மாறிமாறி நடக்க விட்டுப் பார்த்தேன். உண்மைதான். எல்லோரும் ஒரே இடுப்பை ஒரே அளவுக்கு ஆட்டி நடந்தார்கள், ஒரே மாதிரித் திரும்பினார்கள், ஈட்டி பட்டபோது ஒரே மாதிரிக் கையை நெற்றியில் வைத்துச் செத்தார்கள். ஏழு தோலுக்குள்ளும் ஒருத்தியே இருந்தாள். அந்த ஒருத்தி யார் என்று உனக்கும் தெரியாது.

அன்றைக்கு நான் நடக்க விட்டுப் பார்த்த ஏழாவது பெண், நீ பிறகு மாற்றிவிட்ட பழையவள். ஆழியர் என்ற அந்த ஏழாவது இனம் உன் சொந்தச் சரக்கு. நீ சின்னவனாகத் துறைமுக ஜெட்டியில் உட்கார்ந்து, "இதுக்குக் கீழை எவ்வளவு ஆழம் அப்பா?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்த பிள்ளை. கப்பல் வந்து நிற்கிற அளவுக்கு ஆழம் என்று சொன்னால் காணாது. அதற்கும் கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அந்தக் கேள்விக்கு இத்தனை வருசம் கழித்து நீயே பதில் செய்தாய். துறைமுகத்தின் அடியில் வாழ்கிற பெருத்த, சிப்பி ஒட்டிய, திமிங்கில முதுகுள்ள சனங்கள். ஆண்களை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பெண்ணை மட்டும் மற்ற ஆறு பேரைப் போல அந்தப் பொது எலும்புக்கூட்டில் செய்யச் சொன்னார்கள், செய்து கொடுத்தாய். பிறகு மனம் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், அவளுக்கென்று தனி எலும்புக்கூடு ஒன்று செய்து, அந்தப் புதியவளை எனக்கு அனுப்பினாய். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.

நான் வழக்கம்போல ஆணைத்தான் தெரிவுசெய்தேன். ஒரு கிழமை, ஏழு நாளும், அந்தத் திமிங்கில முதுகனாக அலைந்து திரிந்தேன். பிறகு ஒரு நாள் மத்தியானம், திருகோணமலை வீதியில் வழக்கமாகத் திரிகிற மான்களைத் தவிர ஒரு சனமும் இல்லாத நேரம், நசீர் ரீலோட் போட வந்தான். கிண்ணியாக்காரன், உன் அம்மாவின் முழங்கால் கெட்டுப்போன பிறகு அவளை "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று தன் ஓட்டோவில் வீடு வீடாகக் கொண்டுதிரிந்தவன். திரையை எட்டிப் பார்த்து, "அண்ணன், இதில பொம்புளயும் ஈக்காங்க போல" என்று தானே பொத்தானை அமத்தினான். அவள் வந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையோரமாக நடந்தாள். நசீர் கையிலிருந்த போனைக் கீழே வைத்தான்.

"யா அல்லாஹ். இது மிஸ்ஸியெல்லோ நடக்கிறா!"

"எங்கை?" என்று நான் வாசலைப் பார்த்தேன்.

"வெளியில இல்ல அண்ணன். இந்தா. அந்த இடது தோள் சாயிறதப் பாருங்க. ஓட்டோவில இருந்து இறங்கிப் போற அதே போக்கு."

உனக்கு நான் போன் எடுத்து, "பார்த்த உடனை கண்டுபிடிச்சிட்டன்" என்று சொன்னது பொய். கண்டுபிடித்தவன் நசீர். என்னால் கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஆண்களுக்கு ஒரு பழக்கம்: மனைவியோடு வெளியில் போனால் நாலடி முன்னால் நடப்பது. யாரும் சொல்லித் தந்ததில்லை. கோயிலுக்கும் அப்படி, செத்தவீட்டுக்கும் அப்படி. நான் முன்னால் செருப்பைத் தேய்த்துக்கொண்டு பெரிய தளபதி மாதிரிப் போவேன், அவள் பின்னால் வருவாள். திரும்பிப் பார்க்கத் தேவையே இருந்ததில்லை, சத்தம் கேட்கும்: ஓர் அழுத்தமான அடி, ஓர் இழுத்த அடி, மருந்துப்பை இடுப்பில் இடிக்கிற சத்தம். அவளை நான் காதால்தான் கட்டி மேய்த்தேன். அவள் நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்த ஆட்கள் நசீரும், போனை நீட்டிக்கொண்டு உப்புவெளி ஒழுங்கை முழுக்க அவள் பின்னால் திரிந்த நீயும்தான். "என்ரை பின்பக்கத்தை ஏன்டா படம் பிடிக்கிறாய், வேறை பொருள் கிடைக்கேல்லையே?" என்று அவள் உன்னைத் திட்டியது எனக்குக் கடை வரை கேட்டது. படிப்புக்கு வேண்டும் என்றாய். அந்தப் படத்திலிருந்து ஒவ்வோர் அடியாக எடுத்து இந்த எலும்புக்கூட்டுக்குள் வைத்திருக்கிறாய். சில அடிகளுக்கு ஒருமுறை, அடுப்பில் எதையோ விட்டு வந்தது போல ஒரு கணம் தயங்குவாளே, அதுகூட அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு கடையில் ஆளில்லாத பின்னேரங்களில் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. அவளைத் தெரிவுசெய்து, நீ கட்டிய துறைமுகத்தின் கரையோரமாக நடத்துவேன். முன்னால் அவள், பின்னால் நான். தண்ணீருக்குள் இறங்க விடமாட்டேன். அவளுக்கு நீந்தத் தெரியாது என்று மனம் சொல்லும். சண்டை வந்தால் ஓடி ஒளித்துவிடுவேன். யாராவது கடைக்குள் வந்தால் சட்டென்று பத்திரிகைப் பக்கத்தைத் திறந்துவிடுவேன், கெட்ட படம் பார்க்கிற பெடியனைப் போல. இந்த வயதில், சொந்த மனுசியோடு!

இதற்கிடையில் உன் கந்தோரில் அவளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். போன ஞாயிறு நீ போன் எடுத்துச் சொன்னாய்: ஆழியர் பெண்ணும் மற்றவர்களைப் போல அந்தப் பொது எலும்புக்கூட்டுக்கே திரும்ப வேண்டும்; கன்னத்தில் இரண்டு சிப்பி போதும். ஆனால் நீ பாடுபட்டுச் செய்ததை வீணாக்க வேண்டாம் என்று ஒரு சலுகை தருகிறார்கள். அந்த உருவத்தைத் துறைமுகத்தில் நிற்கிற கிழவியாக வைக்கலாம். யாரும் அவளாக மாற முடியாது. கிட்டப் போய் ஒரு சொல் கேட்கலாம். நீ சம்மதிக்காவிட்டால் முழுவதையும் எடுத்துவிடுவார்கள்.

"வேண்டாமெண்டு சொல்லலாமெண்டு நினைக்கிறன் அப்பா. அப்பிடிச் சொன்னால் அம்மா முழுசாப் போயிடுவா" என்றாய்.

அங்கேதான் அவசரக்காரன் கத்தினான். நிற்கட்டுமே, ஓரிடத்தில் இருந்தால் நான் போய்ப் பார்க்கலாமே என்று அவனுக்கு ஆசை. நீ "சரி அப்பா" என்றாய். உன் "சரி அப்பா" எல்லாவற்றையும் எனக்குத் தெரியும். இது வேறு.

செவ்வாய்க்கிழமை நீ அந்த நிற்கிற கிழவியை அனுப்பினாய். கடையில் பட்டப்பகலில் திறந்தேன். ஜெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். என் திமிங்கில முதுகனாகக் கிட்டப் போனேன். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "நல்வரவு, பயணியே. அலை உன்னைக் காக்கட்டும்" என்று இங்கிலீசில் எழுத்து வந்தது. உன் அம்மா வாழ்நாளில் யாரிடமும் இவ்வளவு மரியாதையாகக் கதைத்ததில்லை. "சாப்பிட்டாச்சோ, இல்லாட்டிப் பொய் சொல்லப்போறியளோ" என்றுதானே ஆட்களை வீட்டுக்குள் எடுப்பாள். நான் அவளுக்குப் பின்னால் போய் நிற்கப் பார்த்தேன். அவளும் என்னோடு சேர்ந்து சுழன்றாள். எந்தப் பக்கம் போனாலும் முகம் என் பக்கம். முதுகைக் காட்டவே மாட்டேன் என்றாள். மலைப்பக்கம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். நின்றாள். நல்வரவு, பயணியே. தோளால் இடித்துப் பார்த்தேன். அசையவில்லை. நல்வரவு, பயணியே. கண் என்னைப் பார்க்கிறது, ஆனால் என்னைத் தெரியவில்லை. அப்போதுதான் நசீர் கடைக்குள் வந்து திரையை எட்டிப் பார்த்தான்.

"அண்ணன், மிஸ்ஸிய ஏன் இப்பிடிக் கட்டி வெச்சிருக்கீங்க?"

"கட்டேல்லை நசீர். இனி இங்கைதான் நிப்பா."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"எப்பவும்."

"மிஸ்ஸியா? ரெயில் கேற் பூட்டினா ஓட்டோவில இருந்து இறங்கி நடக்கிற மனிசி!" அவன் சிரிக்கத்தான் தொடங்கினான், பிறகு திரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "எனக்கு ஒரு மாதிரி ஈக்கு அண்ணன். மூடுங்க அத."

மூடினேன். எங்களைச் சின்ன வயதில் வெருட்டிய பேய்கள் எல்லாம் இப்படித்தானே இருந்தன. ஒரு மரம், ஒரு சொல், வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் அதே சொல். நான் ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். உயிரோடிருந்தபோது ஓரிடத்தில் நிற்கத் தெரியாத ஒருத்தியை, எனக்குப் போய்ப் பார்க்க வசதி என்பதற்காக, ஊழிக்காலம் வரை ஜெட்டியில் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீயும் எனக்காக ஒத்துக்கொண்டாய்.

பேச்சை மாற்றுவதற்காக நான் பழையதைத் திறந்தேன், அந்த நடக்கிறவளை. நசீர், "நான் கொஞ்சம் ஓட்டட்டா?" என்று கதிரையை இழுத்துப் போட்டான். ஓட்டோக்காரனிடம் எதைக் கொடுத்தாலும் ஓட்டத்தான் பார்ப்பான். அவளை நேரே தண்ணீருக்குள் விட்டான். "டேய்!" என்றேன். "கடலுக்குள்ள ஈக்கிற ஆள்தானே அண்ணன், கரையில வெச்சு என்ன செய்யிற?" தண்ணீர் அவள் முழங்காலை மூடியது, மருந்துப்பை தொங்கிச் சாய்ந்த அந்தத் தோளை மூடியது, திரை கறுத்தது. பிறகு அடியில் ஒரு பச்சை வெளிச்சம். கவிழ்ந்த கப்பல்கள், அவற்றுக்கு நடுவில் தெருக்கள், விளக்குகள். அங்கே அவள் நடந்துகொண்டிருந்தாள்: ஓர் அழுத்தமான அடி, ஓர் இழுத்த அடி. இத்தனை பின்னேரம் நான் அவளைக் கரையில் மேய்த்துத் திரிந்திருக்கிறேன். நீ கட்டிய அந்த ஊரை நான் பார்க்கவேயில்லை. நசீர் அவளைக் கப்பல் பாய்மரத்தில் ஏற்றினான். ஒரு மாட்டுத்தலையனோடு மோத விட்டான். அடி வாங்கியபோது "என்னை அடிச்சிட்டான் அண்ணன்!" என்று கத்தினான். "நான் இப்ப எந்தப் பக்கம் போற?" என்று கேட்டான். மீசையும் இடுப்பில் கட்டிய சாரமுமாக உட்கார்ந்திருந்த அந்த மனிதன், அவள் நடக்கிறபோதெல்லாம் தன்னை அறியாமல் இடது தோளைச் சாய்த்துக்கொண்டிருந்தான். என் மனுசியை ஒருவன் "நான்" என்று சொல்லிக் கேட்கிறபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு காலத்தில் நான் ஒரு தடவையாவது அவளாக இருந்து பார்த்தேனா என்றுதான் நினைத்தேன்.

ஆகவே, தம்பி, திங்கட்கிழமை அந்தக் கிழவி வேண்டாம் என்று சொல்லிவிடு. இந்த முறை கத்தவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். மற்ற ஆறு இனத்துப் பெண்களுக்கும் எலும்புக்கூடு கேட்டுச் சண்டை பிடிக்க உனக்கு இன்னும் வயதிருக்கிறது. இப்போது இந்த ஒருத்தியைத் தெரிவுசெய்கிற இடத்தில் வைக்கச் சொல்லிக் கேள். அம்மா என்று சொல்லிக் கேட்காதே. இரக்கப்பட்டுத் தந்தால் நாளைக்கு இரக்கம் தீர்ந்ததும் எடுத்துவிடுவார்கள். ஆணுக்கு மரக்கால் இருக்கலாமென்றால் பெண்ணுக்கு நோகிற முழங்கால் இருக்கலாம் என்று சொல்லு. திமிங்கில முதுகனுக்குப் பொம்பிளை எடுக்க அவன் எங்கே போவான் என்று கேள். அவர்களுக்குச் சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை, சிரித்தவன் கொஞ்சம் இளகுவான். இப்படி ஒருத்தியாக இருக்க யார் விரும்புவார்கள் என்று கேட்பார்கள். திருகோணமலையில் ஓர் ஓட்டோக்காரன் இருக்கிறான் என்று சொல்லு. அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு தொந்திக்காரன், தன் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறான் என்றும் சொல்லு.

அப்படியும் முடியாது என்றால் அழித்துவிடு. அரைகுறையாக எதையும் மிச்சம் வைக்காதே, எனக்கென்று ஒரு பிரதியும் அனுப்பாதே. அனுப்பினால் நான் அவளை மறுபடி கரையில் மேய்ப்பேன். எடுத்தார்களா விட்டார்களா என்று எனக்குச் சொல்லவும் வேண்டாம். நான் கேட்டால் உன் வழக்கமான "சரி அப்பா"வைச் சொல்லிவிட்டுப் போனை வை. எங்கோ யாரோ ஒருவரின் விரலுக்குக் கீழே, எனக்குத் தெரியாத ஏதோ ஒரு தெருவில் அவள் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் பின்னேரம் கடையைப் பூட்டுவேன்.

அப்பா